போரும் கடவுளின் நோக்கமும்: காரைக்குடி வேதவகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் முகப்பில் வாரம் ஒரு மாலை கூடும் எங்கள் வேதவகுப்பில் கத்தோலிக்கரும், தென்னிந்தியத் திருச்சபையினரும், பெந்தெகொஸ்தே சபையினரும் சேர்ந்தே அமர்கிறார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து சைவர்களான நண்பர்கள் சிலரும், காபிக்காகவோ வாதத்துக்காகவோ, வந்து உட்காருவதுண்டு. அந்த முகப்பைத் தாங்கும் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை. அவற்றை அனுப்பிய குடும்பத்தின் தொழில் 1942-இல் ஒரு போரோடு முடிந்துபோனது. ஆதலால் போரைப் பற்றிய பேச்சு இங்கே வெறும் செய்தித்தாள் பேச்சாக நிற்பதில்லை. ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், வகுப்பை நடத்துகிறவன் என்ற முறையில் நான் சொன்ன பதில்களைச் சற்றே திருத்தி இங்கே எழுதியிருக்கிறேன். நான் குருவானவனும் அல்லன், இறையியல் பட்டம் பெற்றவனும் அல்லன். வசனங்கள் பெரும்பாலோருக்குப் பழக்கமான பழைய மொழிபெயர்ப்பைத் தழுவியவை.

பர்மாவில் எங்கள் சொத்தெல்லாம் போகக் காரணமான அந்த யுத்தத்தை உங்கள் கடவுள் எதற்காக வரவிட்டார்?

இதைக் கேட்டவர் எண்பது வயதைக் கடந்த ஓர் ஆச்சி. அவருடைய ஐயா, கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, பர்மாவுக்குப் போன இடத்தில் வட்டிக்கடை வைத்திருந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலிலும், கிடைக்காதவர்கள் மணிப்பூர் வழியாகவும் அரக்கான் மலைவழியாகவும் கால்நடையாகத் திரும்பினார்கள். திரும்பாதவர்களும் உண்டு.

நேரான பதில், எனக்குத் தெரியாது என்பதே. தெரியும் என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஏனெனில் இதே கேள்விக்கு, "வட்டி வாங்கிய பாவத்துக்குக் கிடைத்த கூலி" என்று கூச்சமில்லாமல் பதில் சொன்ன ஒரு பிரசங்கியாரை நானே கேட்டிருக்கிறேன். அந்த மலைவழிகளில் காலராவிலும் பசியிலும் மடிந்தவர்களில் ஒரு ரூபாய்கூட வட்டிக்கு விட்டறியாத கூலியாட்கள் ஏராளம் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

இத்தகைய கணக்கை இயேசுவே மறுத்திருக்கிறார். லூக்கா 13-ஆம் அதிகாரத்தில், பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து வெட்டிக் கொன்ற செய்தியோடு சிலர் அவரிடம் வருகிறார்கள். அரசின் ஆயுதத்தால் நேர்ந்த சாவு அது. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களோ, அப்படியல்ல என்கிறார் அவர்; சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரைப் பற்றியும் அதையே சொல்கிறார். அதன் பின் பேச்சைக் கேட்டவர்கள் பக்கமே திருப்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். யோபின் நண்பர்கள் அவன் துன்பத்தில் ஏழு நாள் மௌனமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரையில் நல்ல நண்பர்களாக இருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டார்கள். நூலின் முடிவில் கடவுள் கோபிப்பது, கேள்வி கேட்ட யோபின் மீதல்ல, விளக்கம் சொன்ன அவர்கள் மீது.

ஆச்சி இந்தப் பதிலில் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை. "தெரியாது என்பதற்கா இத்தனை பேச்சு?" என்றார்.

பழைய ஏற்பாட்டில் கடவுளே போரிடச் சொல்கிறாரே, அதை என்ன செய்வது?

வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட கேள்வி இது, எடுத்துக்கொள்ளவும் வேண்டும். "கர்த்தரே யுத்தத்தில் வல்லவர்" என்று யாத்திராகமம் பாடுகிறது. எரிகோவில் ஆண், பெண், வாலிபர், கிழவர், ஆடு, மாடு, கழுதை அனைத்தும் பட்டயக்கருக்கினால் அழிக்கப்பட்டதாக யோசுவா நூல் எழுதுகிறது. சேனைகளின் கர்த்தர் என்ற பெயரை நாம் ஆராதனையில் எளிதாக உச்சரித்துவிடுகிறோம். அந்தச் சேனை எங்கே போயிற்று, யாரை என்ன செய்தது என்று கேட்பதில்லை.

இவற்றைக் கழித்துவிடலாம் என்றவர் 2-ஆம் நூற்றாண்டின் மார்சியன். பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசுவின் பிதா வேறு என்றார். திருச்சபை அவரை விலக்கியது. அந்த எளிய வழி அன்றே அடைபட்டதால், மீதமிருந்த வழிகளில் கிறிஸ்தவர்கள் இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறார்கள். கானானியரின் அக்கிரமம் நிறைவானபோது ஒரே ஒருமுறை வழங்கப்பட்ட நியாயத்தீர்ப்பு அது, வேறு எவரும் அதை முன்மாதிரியாகக் கொள்ள முடியாது என்பது ஒரு சாரார் வாதம். ஆதியாகமம் 15-இல் ஆபிரகாமுக்குச் சொல்லப்பட்ட வார்த்தையை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவார்கள். அலெக்சாந்திரியாவின் ஓரிகன் என்ற ஆதித் திருச்சபை அறிஞரோ, யோசுவாவின் போர்களை ஆன்மாவுக்குள் இருக்கும் தீய குணங்களோடு நடக்கும் போராகவே வாசித்தார்.

மூன்றாவது வாசிப்புக்குத் தமிழர்களாகிய நாம் நெருக்கமானவர்கள் என்று நினைக்கிறேன். நம் அரசர்களின் மெய்க்கீர்த்திகளைப் படித்தவர்கள், பகைவர் நாட்டை எரித்து, கழுதை ஏர் பூட்டி உழுதோம் என்ற வரிகளை அப்படியே நிகழ்ச்சிக் குறிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வெற்றியைச் சொல்லும் மரபு அது என்று அறிவோம். பண்டைய மேற்காசியாவிலும் அத்தகைய மரபு இருந்தது. 1868-இல் கண்டெடுக்கப்பட்ட மோவாபிய அரசன் மேசாவின் கல்வெட்டு, அவன் தன் தெய்வத்தின் பெயரால் ஓர் ஊரையே பலியாக அழித்ததையும், இஸ்ரவேல் என்றென்றைக்குமாக அழிந்துபோனதையும் பெருமையாகச் சொல்கிறது. இஸ்ரவேலோ அழியவில்லை. யோசுவா நூலும் ஓர் இடத்தில் சுவாசமுள்ள யாவும் அழிந்தன என்கிறது; அடுத்த நூலாகிய நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்திலேயே அதே மக்கள் அதே ஊர்களில் குடியிருக்கிறார்கள். 1950-களில் எரிகோவை அகழ்ந்த கேத்லீன் கென்யன், யோசுவாவின் காலத்துக்குரியதாகச் சொல்லத்தக்க மதில் எதையும் அங்கே காணவில்லை. ஆக, நடந்தது எழுதப்பட்டதைவிடச் சிறியதாக இருந்திருக்கலாம். இது என் மனத்துக்கு ஓரளவு ஆறுதல் தருகிறது. முழு ஆறுதல் தரவில்லை. நடக்காத கொலையாக இருந்தாலும், அதைக் கடவுளின் கட்டளையாக எழுதி வைத்த கை ஒன்று இருக்கிறதே.

ஆனால் அதே நூல்களுக்குள்ளேயே எதிர்க்குரலும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. எரிகோவுக்குச் சற்று முன்னால், உருவின பட்டயத்தோடு நின்ற ஒருவரைப் பார்த்து, நீர் எங்களைச் சேர்ந்தவரோ, எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவரோ என்று யோசுவா கேட்கிறான். "அல்ல" என்பதே பதில். கர்த்தருடைய சேனையின் அதிபதியாய் வந்தேன் என்கிறார் அவர். இரண்டில் ஒன்றைச் சொல்லும்படி கேட்டவனுக்கு இரண்டையும் மறுக்கும் பதில் கிடைக்கிறது. அவனுக்கு இடப்பட்ட கட்டளை, காலிலிருக்கிற பாதரட்சைகளைக் கழற்று என்பது. தாவீதின் கதை இன்னும் கடுமையானது. கர்த்தருடைய யுத்தங்களை நடத்தியவன் என்று புகழப்பட்ட அவனுக்கே, நீ திரளான இரத்தத்தைச் சிந்தினாய், என் நாமத்துக்கு நீ ஆலயம் கட்ட வேண்டாம் என்ற சொல் வந்ததாக 1 நாளாகமம் 22 கூறுகிறது.

அப்படியானால் கடவுள் போர்களைத் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்துவதே இல்லையா?

பயன்படுத்துகிறார் என்றே வேதம் சொல்கிறது. ஆனால் யார் அதைச் சொல்லலாம் என்பதில் அது மிகக் கறாராக இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். மற்ற பதில்கள் இதைச் சுற்றியே வருகின்றன.

ஏசாயா 10-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். அசீரியா அன்றைய பேரரசு. அதன் படைகள் ஊர் ஊராகத் தீ வைத்து மக்களை நாடு கடத்தின. அந்த அசீரியனை என் கோபத்தின் கோல் என்று கடவுள் அழைக்கிறார். இதோடு நிறுத்தியிருந்தால் எந்தப் படையெடுப்பாளனும் இந்த வசனத்தைக் கொடியில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் வாக்கியம் தொடங்குவதே "ஐயோ" என்ற சொல்லோடு. அவனோ அப்படி எண்ணவில்லை, அநேகம் ஜாதிகளைச் சங்கரிப்பதே அவன் நினைவு என்று ஏசாயா தொடர்கிறார். கோடரி தன்னைப் பிடித்து வெட்டுகிறவனைவிடத் தான் பெரியவன் என்று பெருமை பேசலாமா என்று கேட்டு, அந்தக் கோலையும் முறித்துப்போடும் நாளை அறிவிக்கிறார். ஆக, ஒருவன் கடவுளின் நோக்கத்துக்குக் கருவியாக இருந்தான் என்பது அவன் நல்லவன் என்பதற்கோ, அவன் செய்தது நியாயம் என்பதற்கோ சான்றாகாது. கருவியாக இருந்ததற்காகவே அவன் தண்டனையிலிருந்து தப்பிவிடவும் இல்லை.

யோசேப்பின் வாக்கியமும் இப்படித்தான் இயங்குகிறது. நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்று சொல்கிறவன் யோசேப்பு, குழியில் போடப்பட்டவன். அவனை விற்ற சகோதரர்கள் அதே வாக்கியத்தைத் தங்கள் வாயால் சொல்லியிருந்தால் அது எவ்வளவு அருவருப்பாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நோக்கம் என்ற சொல்லைத் துன்பப்பட்டவன் சொன்னால் அது விசுவாசம். துன்பம் செய்தவன் சொன்னால் அது தப்பிக்கும் வழி.

ஆபகூக் தீர்க்கதரிசியிடம் வேறொரு பாடம் இருக்கிறது. பாபிலோனியர் என்னும் கல்தேயரை எழுப்பப் போகிறேன் என்று கடவுளே சொன்ன பிறகும் அவர் ஆமென் சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. துன்மார்க்கன் தன்னைப் பார்க்கிலும் நீதிமானை விழுங்கும்போது நீர் ஏன் மௌனமாயிருக்கிறீர் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காவற்கோபுரத்தில் ஏறி நிற்பேன் என்கிறார். கடவுளின் நோக்கத்தை நம்புவது என்றால் வாயை மூடிக்கொள்வது என்று நினைப்பவர்கள் இந்தச் சிறிய நூலை ஒருமுறை வாசிக்க வேண்டும், மூன்றே அதிகாரங்கள்தாம்.

"சமாதானத்தையல்ல, பட்டயத்தையே அனுப்ப வந்தேன்" என்று இயேசு சொன்னாரே?

சொன்னார். அடுத்த வசனத்திலேயே அந்தப் பட்டயம் எங்கே விழுகிறது என்பதையும் சொல்கிறார்: மகனுக்கும் தகப்பனுக்கும், மகளுக்கும் தாய்க்கும், மருமகளுக்கும் மாமிக்கும் நடுவே. ஒருவர் விசுவாசத்தை ஏற்பதால் வீட்டுக்குள் விழும் பிளவைப் பற்றிய பேச்சு அது. அவரைப் பிடிக்க வந்த இரவில், கெத்செமனே தோட்டத்தில் நிஜமான பட்டயம் ஒன்று உருவப்பட்டபோது, அதை உறையிலே போடு, பட்டயத்தை எடுக்கிற யாவரும் பட்டயத்தால் மடிந்துபோவார்கள் என்றார்.

கிறிஸ்தவர் ராணுவத்தில் சேரலாமா?

எங்கள் வகுப்பில் இரண்டு குடும்பங்களில் பிள்ளைகள் ராணுவத்தில் இருக்கிறார்கள். சீருடையிலிருக்கும் மகனின் படத்துக்குக் கீழே அமர்ந்துதான் அந்தத் தாய் ஜெபிக்கிறார். ஆகவே கவனமாகவே பேச வேண்டியிருக்கிறது. யோர்தான் கரையில் போர்ச்சேவகர்கள் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, வேலையை விட்டுவிடுங்கள் என்று யோவான் ஸ்நானகன் சொல்லவில்லை. இடுக்கண் செய்யாமலும் பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும் உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள் என்றான். கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதியை இயேசு வியந்து பாராட்டினார். இன்னொரு பக்கம், 295-இல் வட ஆப்பிரிக்காவின் தெபெஸ்தேயில் 21 வயது மாக்சிமிலியன், நான் கிறிஸ்தவன், படையில் சேர முடியாது என்று மறுத்து அதற்காகவே கொல்லப்பட்டான். திருச்சபை அவனைப் புனிதனாக நினைவுகூர்கிறது. மென்னொனைட்டுகள், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவ சபையினர் இன்றும் ஆயுதம் எடுப்பதில்லை. இரு வழியினரையும் ஒரே திருச்சபை வரலாறு தாங்கி நிற்பதால், ஒன்றை மட்டும் கிறிஸ்தவ வழி என்று நான் சொல்லத் துணியமாட்டேன்.

இங்கே ஒரு சிறு குழப்பத்தையும் நீக்கிவிடலாம். தேவகோட்டைப் பக்கத்திலிருந்து பலரும் நடந்தே போய் வணங்கும் ஓரியூர் அருளானந்தரைச் சிலர் போரில் மாண்ட வீரரைப் போலப் பேசுகிறார்கள். 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட அவர் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. வேதசாட்சி என்ற சொல் கொன்றவருக்கு உரியதல்ல, கொல்லப்பட்டவருக்கே உரியது.

நீதியான போர் என்று ஒன்று உண்டா?

410-இல் ரோம் சூறையாடப்பட்ட பிறகு எழுதிய அகுஸ்தீனும், 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸும் வகுத்த கோட்பாடு இது. போரை அறிவிக்க உரிமையுள்ள ஆட்சியாளர், நியாயமான காரணம், நேர்மையான உள்நோக்கம் ஆகிய மூன்றும் வேண்டும் என்றார் அக்குவினாஸ். வேறு வழியெல்லாம் அற்றுப்போயிருக்க வேண்டும், வெற்றிக்கு வாய்ப்பு இருக்க வேண்டும், நீக்க வந்த தீமையைவிடப் பெரிய தீமையை உண்டாக்கக் கூடாது, ஆயுதம் எடுக்காதவரைத் தாக்கக் கூடாது என்பன பின்னாளில் சேர்ந்துகொண்டன. நியாயமான போரைக்கூட அறிவுள்ளவன் புலம்பலோடுதான் நடத்துவான் என்ற அகுஸ்தீனின் எண்ணத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் குறைவு.

இத்தகைய கட்டுப்பாடு நமக்குப் புதியதன்று. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில், அம்பு விடுவதற்கு முன் பசுக்களும், அந்தணரும், பெண்களும், நோயுற்றோரும், புதல்வரைப் பெறாதோரும் பாதுகாவலான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று அறிவித்துப் போர் செய்த முதுகுடுமிப் பெருவழுதி பாடப்படுகிறான். உபாகமம் 20-ஆம் அதிகாரமும் புது வீடு கட்டியவனையும், திராட்சத்தோட்டம் நட்டவனையும், பெண்ணை நிச்சயித்தவனையும், பயப்படுகிறவனையும் வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்கிறது. முற்றுகையின்போது கனிமரங்களை வெட்டாதே என்கிறது. அதே அதிகாரத்தில்தான் சுவாசமுள்ளதொன்றையும் உயிரோடே வைக்காதே என்ற கட்டளையும் இருக்கிறது. மரத்துக்குக் கிடைத்த இரக்கம் கானானியனுக்குக் கிடைக்கவில்லை என்று வகுப்பில் ஒரு கல்லூரி மாணவர் சொன்னபோது யாரும் மறுத்துப் பேசவில்லை.

கோட்பாட்டின் சிக்கல், போரை அடக்கக் கட்டிய வேலியை ஆட்சியாளர்கள் நுழைவாயிலாகப் பயன்படுத்தியதே. தன் போர் அநீதியானது என்று தானே சொல்லிக்கொண்ட அரசை நான் படித்ததில்லை. அணுகுண்டுக் காலத்தில் இந்த அளவுகோல்களை நம்பி நீதியான போரைப் பற்றிப் பேசுவது மிகக் கடினம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் எழுதினார்.

சிலுவைப்போர்கள் கடவுளின் சித்தம் என்று சொல்லித்தானே நடந்தன?

ஆம், 1095-இல் கிளெர்மோன்டில் எருசலேமை முஸ்லிம்களிடமிருந்து மீட்க இரண்டாம் அர்பன் திருத்தந்தை அழைப்பு விடுத்தபோது கூட்டம் எழுப்பிய முழக்கமே அது. நான்கே ஆண்டுகளில், 1099 ஜூலையில், எருசலேமில் முஸ்லிம்களும் யூதர்களும் படுகொலை செய்யப்பட்டார்கள். 1204-இல் நான்காவது சிலுவைப்போரின் படை எருசலேமுக்குப் போகாமல் கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டாண்டிநோபிளையே கொள்ளையிட்டது. கடவுளின் சித்தம் என்ற பெயரை ஒருவர் தம் செயலுக்கே சூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. 2000 மார்ச் 12 அன்று இரண்டாம் ஜான் பால், உண்மைக்குச் செய்யும் தொண்டு என்ற பெயரில் திருச்சபையின் மக்கள் கையாண்ட வன்முறைக்காகக் கடவுளிடம் பொதுவில் மன்னிப்பு வேண்டினார். அடுத்த ஆண்டு ஏதென்சில் 1204-ஐக் குறித்தும் வருத்தம் தெரிவித்தார். எட்டு நூற்றாண்டு கழித்தாவது என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள்; நான் அந்தத் தாமதத்தையே நினைக்கிறேன்.

இரு தரப்பினரும் கிறிஸ்தவர்களாக இருந்து, இருவரும் ஒரே கடவுளிடம் வெற்றிக்காக ஜெபித்தால்?

நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இதற்கு ஒரு சாட்சி நிற்கிறது. இடைக்காட்டூர் திருஇருதய ஆலயம், பிரான்சின் ரைம்ஸ் பேராலயத்தின் சாயலில், பிரெஞ்சுக் குருவானவர் ஒருவரால் 1894-இல் கட்டப்பட்டது. அதன் மூலமான ரைம்ஸ் பேராலயம் 1914 செப்டம்பர் 19 அன்று ஜெர்மானியப் பீரங்கிகளால் தீப்பிடித்து எரிந்தது. மூன்றே நாள் கழித்து, செப்டம்பர் 22 இரவில், எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. சமர்த்தனான போக்கிரியை எம்டன் என்று நம் தாத்தாக்கள் அழைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்தப் போரில் பிரஷ்யச் சிப்பாயின் இடுப்புவார்ப் பூட்டில் "தேவன் எங்களோடு" என்று பொறித்திருந்தது. இம்மானுவேல் என்ற பெயரின் பொருளும் ஏறக்குறைய அதுவே. ஒரு குழந்தையின் பெயரை வயிற்றின் மீது கட்டிக்கொண்டு ஒரு பேராலயத்தைச் சுட்டார்கள். எதிரே நின்ற பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தங்கள் ஆலயங்களில் அதே கடவுளிடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இக்கேள்விக்கு நானறிந்த சிறந்த பதிலைத் தந்தவர் ஓர் இறையியலாளர் அல்லர், போரை நடத்திய ஓர் அரசியல்வாதி. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச் 4 அன்று, இரண்டாம் முறை பதவியேற்ற ஆபிரகாம் லிங்கன், இரு தரப்பும் ஒரே வேதாகமத்தை வாசிக்கிறது, ஒரே கடவுளிடம் ஜெபிக்கிறது, இருவர் ஜெபமும் நிறைவேற முடியாது, எவருடைய ஜெபமும் முழுமையாக நிறைவேறவில்லை, சர்வவல்லவருக்கு அவருடைய நோக்கங்கள் உண்டு என்றார். அதன்பின் அவர் செய்ததுதான் அரிது. இந்தப் போர் அடிமைமுறைக்காக வந்த தண்டனையாக இருக்கலாம் என்று சொன்ன அவர், அதைத் தோற்றுக்கொண்டிருந்த தெற்கின் தலையில் மட்டும் கட்டவில்லை. வடக்குக்கும் தெற்குக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது என்றார். வெல்லும் நிலையில் இருந்துகொண்டு தன் தரப்பையும் தீர்ப்புக்குக் கீழே நிறுத்தினார். கோல் தன்னைத் தானே சோதித்துக்கொண்ட அபூர்வமான சமயம் அது.

நாகசாகியில் அணுகுண்டு விழுந்தது கடவுளின் திட்டம் என்று ஒரு கத்தோலிக்கரே சொன்னார் என்பது உண்மையா?

உண்மை. 1945 ஆகஸ்டு 9 அன்று குண்டு வெடித்தது நாகசாகியின் உராகாமி பகுதியில், அன்றைய ஜப்பானின் மிகப் பெரிய கத்தோலிக்கப் பங்கின் மேல். இரண்டரை நூற்றாண்டு அடக்குமுறையில் மறைந்திருந்தே விசுவாசத்தைக் காத்தவர்களின் வாரிசுகள் அவர்கள். ஏறக்குறைய 12,000 பேரில் 8,500 பேர்வரை மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கதிரியக்க மருத்துவர் தகாஷி நாகாய் தம் மனைவியை இழந்து, தாமும் நோயுற்றவராய், அந்த நவம்பரில் இடிந்த பேராலயத்தின் அருகே நடந்த நினைவுத் திருப்பலியில் பேசினார். விமானத்தின் முதல் இலக்கு கொக்குரா. அங்கே பார்வை மறைந்ததால் அது நாகசாகிக்கு வந்தது. ஆகஸ்டு 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளில், போர் ஓய்ந்தது. இவற்றைக் கோத்து, உராகாமியே மாசற்ற ஆட்டுக்குட்டியாக, உலகத்தின் பாவத்துக்கான சர்வாங்க தகனபலியாகத் தெரிந்துகொள்ளப்பட்டது என்றார் நாகாய்.

மேலே நான் சொன்ன அளவுகோலின்படி, இதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அவர் குழியில் போடப்பட்டவர். மனைவியின் எலும்புகளைச் சாம்பலிலிருந்து தம் கையால் பொறுக்கியவர். ஆயினும் அந்த வாக்கியம் அவர் வாயோடு நிற்கவில்லை. தப்பிப் பிழைத்த மற்றவர்களுக்கு அது ஒரு வாய்ப்பூட்டாகவும் ஆயிற்று. பலியாகத் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் யார்மீது குறை சொல்வது? போரைத் தொடங்கிய ஜப்பானிய அரசும், குண்டு வீசிய அமெரிக்க அரசும் அந்த மௌனத்துக்குள் வசதியாக ஒதுங்கிக்கொள்ள முடிந்தது என்று பின்னாளில் ஜப்பானியரே விமரிசித்தார்கள். 1981 பிப்ரவரி 25 அன்று ஹிரோஷிமாவில் நின்ற இரண்டாம் ஜான் பால், தம் உரையின் தொடக்கத்திலேயே, போர் மனிதனின் செயல் என்றார். அந்தச் சொல் வந்த பிறகே தங்களால் வாய்திறந்து பேச முடிந்தது என்று உயிர் தப்பிய கத்தோலிக்கர் சிலர் கூறியிருக்கிறார்கள்.

ஆகவே என் அளவுகோலையும் நான் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது: துன்பப்பட்டவர் தம் துன்பத்துக்கு மட்டுமே நோக்கம் காணலாம், அடுத்தவர் துன்பத்துக்கு அல்ல. குண்டு வீசிய படைப்பிரிவுக்கு டினியன் தீவில் ஆன்மகுருவாக இருந்த ஜார்ஜ் சபெல்கா என்ற கத்தோலிக்கக் குருவானவர் பின்னாளில் மனம் வருந்தி, போரை முற்றாக மறுப்பவராக மாறினார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

ஈழத்தில் ஆலயங்களுக்குள் ஒதுங்கியவர்களையே கடவுள் காப்பாற்றவில்லையே?

1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்தின் நவாலியில், புனித பேதுரு ஆலயத்திலும் அதைச் சுற்றியும் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது இலங்கை விமானப்படையின் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இக்கேள்வியைக் கேட்டவர் அந்தப் பக்கத்திலிருந்து படகில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று மேலே எழுதியிருப்பதை அவர் முன்னால் கடைப்பிடிக்க நேர்ந்தபோதுதான் அது எவ்வளவு கடினம் என்று தெரிந்தது.

மேற்காசியாவில் சண்டை மூளும்போதெல்லாம், உலக முடிவின் கடைசிப் போரான அர்மகெதோன் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

வரும், அடுத்த சண்டைக்கும் வரும். "யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் கேள்விப்படுவீர்கள், கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்" என்று சொன்ன இயேசு, முடிவு உடனே வராது என்றும் அதே மூச்சில் சொன்னார். வசனத்தின் முன்பாதியை மட்டும் அனுப்புகிறவர்களிடம் பின்பாதியைத் திருப்பி அனுப்புவது என் வழக்கம். வெளிப்படுத்தின விசேஷத்தில் வெள்ளைக் குதிரையின் மேல் வருகிறவருடைய பட்டயம் அவர் கையில் இல்லை, வாயிலிருந்து புறப்படுகிறது; வார்த்தையே அவருடைய ஆயுதம். இதைவிட எனக்குக் கவலை தருவது, அச்செய்திகளில் தெரியும் உற்சாகம். எருசலேமின் அழிவை முன்னறிந்த இயேசு அந்த நகரத்தைப் பார்த்து அழுதார் என்று லூக்கா எழுதுகிறார். அந்த அழிவு கி.பி. 70-இல் நடந்தேறியது. தீர்க்கதரிசனம் நிறைவேறப் போகிறது என்று அவர் நாள் எண்ணிக் களிக்கவில்லை.

போர் நடக்கும்போது எதற்காக ஜெபிப்பது?

வெற்றிக்காக என்று சொல்லத் தயங்குகிறேன். பாதுகாப்புக்காக, நிறுத்தத்துக்காக, இருபுறத்துக் காயம்பட்டவர்களுக்காக என்று சொல்வேன். பகைவருக்காகவும் ஜெபிக்கும்படி கட்டளை இருக்கிறது. அது வராதவர்கள் சங்கீதங்களிலிருந்து தொடங்கலாம்; அங்கே பகைவனைச் சபிக்கும் ஜெபங்கள்கூட உண்டு, ஆனால் அவை கடவுளிடம் சொல்லப்படுகின்றன, படைத்தளபதியிடம் அல்ல. எங்கள் வகுப்பில் இப்போதெல்லாம் 44-ஆம் சங்கீதத்தை வாசிக்கிறோம். நீர் எங்களை ஆடுகளைப்போல இரையாக ஒப்புக்கொடுத்தீர், ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரை பண்ணுகிறீர் என்று கடவுளையே உலுக்கும் சங்கீதம் அது. அதற்குப் பதிலாக எந்த விளக்கமும் அதில் இல்லை. முதல்முறை வாசித்தபோது, தூணோரத்தில் அமர்ந்திருந்த ஆச்சி, "இப்படியெல்லாம் கேட்கலாமா உங்களிடத்தில்?" என்று கேட்டார். கேட்கலாம் என்றேன். அடுத்த வாரமும் அதையே வாசிக்கச் சொன்னார்.